சூரியனுக்கு முதுகு காட்டி நின்று சூரியனைப் பார்ப்பது

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஜனவரியில் பள்ளி அறிவியல் கண்காட்சி, பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஒட்டி, மறுமுனையில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கலாமா, அதில் சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன் முகத்தில் இருக்கும் கறுப்புப் பொட்டுகள், தெரியுமா என்பது உங்கள் கேள்வி. எக்ஸ்ரே ஃபிலிமைப் பற்றிக் கேட்டது போல இருந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. பிள்ளை தன் கையால் செய்த ஒன்று, கடையில் வாங்கி வைத்தது அல்ல, பார்க்கிறவர்களுக்கு நிஜச் சூரியனைக் காட்ட வேண்டும். அது முடியும். குழாயும் நீங்கள் சொன்ன அதே குழாய்தான். கண்ணை வைக்கும் இடம் மட்டும் மாற வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குழாயைப் பிள்ளைகளோடு பலமுறை செய்திருக்கிறேன். கண் மருத்துவம் என் துறை அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் எக்ஸ்ரே ஃபிலிம். வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கச் செய்யப்படும் முறையான கிரகணக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 லட்சத்தில் சுமார் 3 பங்கை மட்டுமே உள்ளே விடும். படம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு இருக்கும் இடம் வெளுத்துக் கிடக்கும், சுற்றிலும் கறுத்திருக்கும். எந்த இடம் எவ்வளவு தடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பார்ப்பதற்கு இருட்டாக இருப்பதால் கண்மணி விரிந்துகொள்ளும், அது இன்னும் கேடு. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவே ஒரு மங்கல் தட்டும். 1995 அக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி வந்த கிரகணத்தன்று என் மாணவன் ஒருவன் எக்ஸ்ரே வழியாகப் பார்த்தான். மறுநாள் கரும்பலகையில் எழுதியதன் நடு எழுத்து மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. மாதங்கள் போனபின் ஓரளவு தெளிந்தது, முழுதாக அல்ல. அன்றைக்கு முன்பே நான் வகுப்பில் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது இத்தனை நீட்டிச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளோ சாணமோ கரைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது. பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் கணக்கு ஒத்துவராது. தண்ணீரின் மேற்பரப்பு, சூரியன் உச்சியில் இருக்கும்போது, விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. 2 சதவீதம் என்றால் 1 லட்சத்தில் 2,000 பங்கு. கண்ணாடி அனுமதிக்கும் 3 பங்கைப்போல 600 மடங்குக்கு மேல். சாணம் கரைத்தால் தட்டின் அடி தெரியாமல் போகும், அவ்வளவுதான். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி குறையாது. சூரியன் சாய்ந்திருக்கும்போது திரும்பும் பங்கு இன்னும் கூடும்.

இனி நடக்கக்கூடிய வழி. 1980 பிப்ரவரி 16 பிற்பகலில் கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழுச் சூரிய கிரகணம் ஒன்று போனது. நம் பக்கம் முழுதாக மறையவில்லை, பெரும்பகுதி மறைந்தது. எனக்கு அப்போது 12 வயது. பாட்டி முற்றத்தில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை எல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஓட்டு இடுக்குகள் வழியாகத் தரையிலும் சுவரிலும் எப்போதும் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். அந்த வட்டங்களைக் கையால் பிடிப்பது எங்கள் விளையாட்டு. அன்று அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் பிறையாக மாறின. அறை முழுக்க நாற்பது ஐம்பது பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் குழிந்து. கிரகணத்தைப் பார்க்கக் கூடாது என்று பூட்டிய அறைக்குள் கிரகணம் தானே வந்து தரையில் கிடந்தது. அந்த வட்டங்கள் வெறும் வெளிச்சப் பொட்டுகள் அல்ல, சூரியனின் படங்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இடுக்கு முக்கோணமோ கோணல்மாணலோ, கீழே விழுவது வட்டம்தான். ஏனென்றால் வட்டமாக இருப்பது சூரியன். புளியமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் பொட்டுகளும் இதேதான். மகளை ஒரு காலை வேளை புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கருவி செய்வதற்கு முன் அதைப் பார்த்துவிட்டால், கண்காட்சியில் யார் என்ன கேட்டாலும் அவளே பதில் சொல்வாள்.

இதில் ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: 107. சூரியனின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 107 மடங்கு தொலைவில் சூரியன் இருக்கிறது. ஆகவே துளைக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை 107ஆல் வகுத்தால் படத்தின் அகலம் வந்துவிடும். 1 மீட்டருக்கு 9 மி.மீ. சொச்சம், 2 மீட்டருக்கு 18 அல்லது 19 மி.மீ.; 3 மீட்டர் உயர ஓட்டு இடுக்கிலிருந்து விழும் வட்டம் 28 மி.மீ. இதைத் திருப்பிப் போட்டால் கண்காட்சிக்கு ஒரு நல்ல கணக்கு கிடைக்கும். படத்தின் அகலத்தையும் குழாயின் நீளத்தையும் அளந்து, பூமியிலிருந்து சூரியனுக்குள்ள சராசரித் தொலைவு 14.96 கோடி கி.மீ. என்பதை வைத்துக்கொண்டால், சூரியனின் விட்டத்தை அவளே கண்டுபிடிக்கலாம். 13.9 லட்சம் கி.மீ. பக்கத்தில் வர வேண்டும். 13 லட்சம் வந்தாலும் 15 லட்சம் வந்தாலும் திருத்த வேண்டாம், 1 மி.மீ. தவறினால் எவ்வளவு தவறும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஊசித்துளைக் குழாய் செய்வது எளிது: ஒரு முனையில் அலுமினியத் தாளை இழுத்து ஒட்டி நடுவில் துளை, மறுமுனையில் வெள்ளைத் தாள். துளையின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். துளை சின்னதாக ஆக ஆகப் படம் துல்லியமாகும் என்ற நினைப்பு ஓர் எல்லை வரைதான் சரி. அதற்கும் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி மங்கும். 2 மீட்டர் குழாய்க்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை துளை சரியாக இருக்கும். கோணி ஊசியால் குத்தினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். தையல் ஊசித் துளை இந்த நீளத்துக்குப் போதாது. கிரகண நாளில் இந்தக் குழாய் பிறையை அழகாகக் காட்டும். சூரியப் புள்ளியைக் காட்டாது: 18 மி.மீ. படத்தில் ஒவ்வொரு இடமும் ஒன்றரை மி.மீ. அளவுக்குக் கலங்கியிருக்கும்போது, அதைவிடச் சின்னப் புள்ளி எங்கே தெரியும்? மிகப் பெரிய புள்ளியாக இருந்து, தூரமும் நீளமாக இருந்தால் ஒருவேளை தட்டுப்படும். ஜோகன்னஸ் கெப்ளர் 1607 மே மாதம் பிராக் நகரில், கூரை இடுக்கு வழியாக விழுந்த சூரியப் படத்தில் ஒரு கறுப்புப் பொட்டைப் பார்த்தார். புதன் கோள்தான் சூரியனைக் கடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் பார்த்தது சூரியப் புள்ளி. அத்தனை பெரிய வானியலாளரே ஊசித்துளைப் படத்தில் ஒரு பொட்டை எடுத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறார் என்றால், அந்தப் படத்தின் தெளிவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

புள்ளி தெரிய வேண்டுமென்றால் துளைக்குப் பதில் லென்ஸ். பூதக்கண்ணாடி அல்ல, அது தாளைக் கொளுத்திவிடும், படமும் கடுகளவுதான் வரும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிளஸ் அரை பவர், அதாவது பிளஸ் 0.50, சிலிண்டர் இல்லாதது, ஃப்ரேமுக்கு வெட்டாத முழு வட்ட லென்ஸ் ஒன்று கேளுங்கள். ஆறரை, ஏழு செ.மீ. அகலம் இருக்கும். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடையில் இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். அரை பவர் என்றால் குவியத் தொலைவு (லென்ஸிலிருந்து படம் தெளிவாக விழும் தூரம்) 2 மீட்டர். அதாவது நீங்கள் நினைத்த குழாயின் முனையில் இதை வைத்தால் அதே 18 அல்லது 19 மி.மீ. படம், ஆனால் பல மடங்கு தெளிவாக. லென்ஸின் மேல் கறுப்பு அட்டையை ஒட்டி, நடுவில் 2 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டத்தை மட்டும் திறந்து வையுங்கள். இந்த அட்டைக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒற்றை லென்ஸில் நிறங்கள் பிரிந்து ஓரத்தில் வானவில் பூசுவதைக் குறைக்கும். மற்றது, வெப்பம்: 2 செ.மீ. வழியாக நுழைந்த வெயில் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான படமாக விழுகிறது, ஆகவே படத்தின் மேல் கைவைத்தாலும் சாதாரண வெயில் சூடுதான். அட்டை இல்லாமல் முழு லென்ஸையும் திறந்துவிட்டால் 10 மடங்குக்கு மேல் கூடிவிடும். அந்த அட்டையை ஒட்டிய பின் யாரும் கழற்ற முடியாதபடி ஒட்டுங்கள்.

குழாய் 4 அங்குலப் பி.வி.சி. போதும். அறுக்கும் முன் லென்ஸின் உண்மையான குவியத் தொலைவை அளந்துவிடுங்கள். அரை பவர் என்று எழுதியிருந்தாலும் சில லென்ஸ் 10 செ.மீ. கூடவோ குறைவாகவோ வரும். ஒருவர் அட்டை ஒட்டிய லென்ஸை வெயிலுக்குக் காட்ட, மற்றவர் வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, வட்டத்தின் விளிம்பு கூர்மையாகும் இடத்தை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு 10 செ.மீ. கூடுதலாக வைத்து அறுங்கள். லென்ஸின் புடைத்த பக்கம் சூரியனைப் பார்க்க வேண்டும். உள்ளே கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டி விடுங்கள். பளபளக்கும் உட்சுவர் படத்தின் மேல் வெளிச்சத்தைப் பூசிவிடும். கீழ் முனையில் குழாய்க்குள் நுழையும் அளவு மரத்தட்டு அல்லது கெட்டி அட்டை வட்டம், அதன் மேல் வெள்ளைத் தாள்; இதைக் கொஞ்சம் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் முடிய வேண்டும். அந்த முனைக்கு அருகே குழாயின் பக்கவாட்டில் ஒரு கை அகலத்துக்கு ஜன்னல் வெட்டுங்கள். பார்ப்பது அந்த ஜன்னல் வழியாக, தாளை நோக்கிக் குனிந்து. கீழ் முனையில் டிரேசிங் தாளை ஒட்டி அதன் பின்னால் கண் வைக்கச் சொல்லும் வரைபடங்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அமைப்பில் முகம் சூரியனை நோக்கி இருக்கும், இடையில் இருப்பது ஒரு மெல்லிய தாள் மட்டும். கண்காட்சிக் கூட்டத்தில் ஒரு விரல் பட்டால் கிழிந்துவிடும். பக்க ஜன்னல் வைத்தால் சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

சூரியனை நோக்கிக் குழாயைத் திருப்பவும் மேலே பார்க்கத் தேவையில்லை. தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, குழாயின் வாய் அளவுக்கு ஆகும்போது குழாய் சூரியனுக்கு நேர். காலை 8 மணியிலிருந்து ஒன்பதரைக்குள் செய்வது நல்லது. அப்போது சூரியன் தாழ இருப்பதால் 2 மீட்டர் குழாயைத் தக்காளி கிரேட் இரண்டை அடுக்கிச் சாய்த்து வைக்கலாம். உச்சி வெயிலில் குழாயை இன்னும் நிமிர்த்தி நிறுத்த வேண்டியிருக்கும், பிடிப்பது பாடு. தரை சூடேறிக் காற்றும் நெளியும், படம் கொதிக்கும் தண்ணீரில் பார்ப்பது போல ஆடும். ஜனவரியில் நம் பக்கம் காலைப் பனிமூட்டம் இருக்கும், அது விலகியதும் தொடங்குங்கள். ஜன்னலின் மேல் ஒரு துண்டைப் போட்டுத் தலையை மூடிக்கொண்டால் படம் பளிச்சென்று தெரியும்.

முதலில் கவனிக்கப்போவது, படம் நிற்காது என்பது. சூரியன் தன் அகலத்தைத் தானே கடக்க 2 நிமிடம் சொச்சம் ஆகும். படமும் அப்படியே ஊர்ந்து ஜன்னலை விட்டுப் போகும். உண்மையில் ஊர்வது பூமி. அடுத்து, வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கலாக இருக்கும். இது கருவியின் குறை அல்ல. ஓரத்தில் நாம் பார்ப்பது சூரியனின் சற்று மேலான, சூடு குறைந்த அடுக்கு. பிறகு புள்ளிகள். பென்சில் முனை பட்டது போல இருக்கும். தாளில் இருக்கும் அழுக்கா, புள்ளியா என்று சந்தேகம் வந்தால் சற்றுப் பொறுங்கள்: படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது சூரியனில் இருப்பது, தாளோடு நின்றுவிட்டால் அழுக்கு. ஒரு புள்ளி பூமியின் அகலத்துக்குச் சமமாக இருந்தால், இந்தப் படத்தில் அது 0.2 மி.மீ.க்கும் குறைவு; அதுதான் இந்தக் குழாயின் எல்லை. அதைவிடப் பெரியதும் கூட்டமாக இருப்பதும்தான் தெரியும். புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் வளையம் பெரிய புள்ளிகளில் மட்டும் லேசாகத் தட்டுப்படலாம். அந்த வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில். கண்காட்சிப் பலகையில் அதற்கு ஒரு வரி கட்டாயம் கொடுங்கள். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகம் நமக்குப் பக்கம் என்றாலும், அது இரவு வானத்துக்கானது.

புள்ளிகள் எப்போதும் இருக்குமா என்றால், இருக்காது. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024 உச்சத்தை ஒட்டிய ஆண்டு. அந்த மே மாதம் வந்த ஒரு புள்ளிக் கூட்டம் பூமியைப்போல சுமார் 15 மடங்கு அகலம், கிரகணக் கண்ணாடி போட்ட வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அடுத்து வரும் ஆண்டுகளில் மெல்லக் குறைந்துகொண்டு போகும், வெறும் வட்டம் மட்டுமே தெரியும் நாட்களும் வரும். அப்படி ஒரு நாளில் குழாய் கெட்டுவிட்டதென்று பிரித்துப்போட வேண்டாம்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் கண்ணாடிப் பந்து இன்னும் எளிது. முகம் பார்க்கும் கண்ணாடியின் சிறு துண்டின் மேல், 5 மி.மீ. வட்டத் துளை போட்ட கறுப்புத் தாளை ஒட்டி, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்தில் பதித்து, டேப் சுருளின் மேல் உட்கார வையுங்கள். வெயிலில் வைத்து 20 மீட்டர் தள்ளி இருட்டாக்கிய வகுப்பறைச் சுவருக்குத் திருப்பினால், 18 அல்லது 19 செ.மீ. அகலத்தில் சூரியன் வந்து விழும். வகுப்பிலிருந்து யாரும் கண்ணாடித் துண்டை நோக்கிப் பார்க்கக் கூடாது, அது ஒன்றே கட்டுப்பாடு. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில். 20 மீட்டரில் இந்த வித்தியாசம் 6 மி.மீ. ஜனவரியில் அளந்து வைத்து ஜூலையில் மறுபடி அளந்தால் தெரிய வேண்டும். தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்தப் படத்தின் விளிம்பே 5 மி.மீ. கலங்கியிருக்கும், ஜூலையில் மேகமும் விடாது. ஒரே ஆள், ஒரே தூரத்தில், பலமுறை அளந்து சராசரி எடுத்தால் வாய்ப்புண்டு.

பைனாகுலர் வழியாகவும் தாளில் படம் விழச் செய்யலாம், படம் பெரிதாகவும் இருக்கும். பள்ளிக் கண்காட்சிக்கு நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் உருகும். அதைவிட, பைனாகுலரைப் பார்த்த பிள்ளைக்குக் கை தானாகக் கண்ணுக்குத்தான் போகும். வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் எண் பாதுகாப்பானது. பட்டறைகளில் வழக்கமாக இருப்பது அதைவிடக் குறைந்த எண், ஆகவே கண்ணாடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே எக்ஸ்ரேயில் சோதித்துப் பார்த்திருந்து, பார்வையின் நடுவில் மங்கலோ கோணலோ தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே திட்டமிட்டுவிடுங்கள். கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தினமும் ஒரே நேரத்தில், 19 மி.மீ. வட்டம் வரைந்த புதுத்தாளை வைத்து, தெரியும் புள்ளிகளை மகள் பென்சிலால் குறிக்கட்டும். படம் எந்தப் பக்கம் ஊர்ந்து வெளியேறுகிறதோ அந்த ஓரம்தான் சூரியனின் மேற்கு; அங்கே 'மே' என்று எழுதிவிடச் சொல்லுங்கள். புள்ளி நாளுக்கு நாள் அந்த ஓரத்தை நோக்கியே போகும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஏறத்தாழ 13 நாள். கண்காட்சியன்று மேகம் மூடிவிட்டால், அந்தத் தாள்களைத் தேதி வரிசையில் மேசைக்குப் பின்னால் ஒட்டி, குழாயைப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.